வெறுங்கைத் தேத்தண்ணி

டோஹா, கட்டார்
2024 மே 6

இயேசு மரி சூசை துணை

றிச்சர்டின் அப்பாவுக்கு மரியநாயகி எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். உங்களுக்கு இருமல் இல்லை என்று நம்புகிறேன். இருந்தால் அதையும் எழுதுங்கள்.

நாற்பது வருஷம் ஒரே லயத்துக் காம்பிராவில் குடித்தனம் நடத்திவிட்டு, இப்போது உங்களுக்குக் கடிதம் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது? தேயிலை ஸ்டோரில் ரோலர் மெஷின் பக்கத்திலேயே நின்று உங்கள் காது போனது. போனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் வேறொன்று சொல்கிறீர்கள். பக்கத்துக் காம்பிரா பேச்சியம்மா நடுவில் நின்று கத்துவதில் லயம் முழுக்க நம் கதையைக் கேட்கிறது. கடிதம் என்றால் உங்கள் கண் போதும்.

இங்கே வெயில் அடிப்பதில்லை, உதைக்கிறது. பொகவந்தலாவையில் குளிக்க விறகு பொறுக்கி வெந்நீர் வைப்போமே, இங்கே குழாயைத் திறந்தால் அதுவாகவே கொதித்து வருகிறது. கை வைக்க முடியவில்லை. வந்த நாளிலிருந்து தாகம். மகன் றிச்சர்டும் மருமகள் ஷிராணியும் கொடுத்ததை எல்லாம் குடித்தேன். மாம்பழ ஜூஸ், ஆரஞ்சு சோடா, ரோசாப்பூ நிறத்தில் ஒரு பால். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியதே தவிரத் தீரவில்லை. இரவில் எழுந்து எழுந்து போகிறேன் என்று ஷிராணி கண்டுபிடித்து, றிச்சர்ட் என்னைக் கிளினிக்குக் கொண்டு போனான். விரலில் குத்தினார்கள். முந்நூறுக்கு மேல் சீனியாம்.

எனக்குச் சீனி வியாதி! கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய உடம்புக்கு!

டொக்டர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். றிச்சர்ட் என் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க தேத்தண்ணிக்குச் சீனி போடாமத்தானே குடிப்பீங்க?" என்றான்.

"பின்னே? நம்ம வீட்ல என்னைக்குடா தேத்தண்ணிக்குள்ள சீனி போட்டோம்?" என்றேன்.

அவனும் அப்படியே சொல்லிவிட்டான். ஜூஸ், சோடா எல்லாம் இனிமேல் தொடக் கூடாதாம். அது போகட்டும். ஆனால் இவன் போடும் சட்டத்தைக் கேளுங்கள். செப்டெம்பர் முதல் வாரத்தில் எனக்குத் திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறது. சீனி இறங்கினால்தான் அனுப்புவானாம். இறங்காவிட்டால் ஊசி போட வேண்டி வரும், லயத்தில் யார் ஊசி போடுவார்கள், இங்கேயே இருங்கள் என்கிறான். மாதா திருநாளுக்கு நான் நம் கோயிலில் நிற்காமல் இருந்ததில்லை. இந்த வருஷமும் நிற்பேன். அவனிடம் சொல்லிவிட்டேன்.

பேத்தி நன்றாக இருக்கிறாள். மூக்கு உங்கள் மூக்கு. பாவம்.

நாயகி


பொகவந்தலாவை
2024 மே 27

இயேசு மரி சூசை துணை

என் அன்பு நாயகிக்கு,

உன் கடிதம் தோட்டத்து ஒபிசில் நாலு நாள் கிடந்து, நேற்றுத்தான் கைக்கு வந்தது. நான் சுகம். இருமல் இல்லை. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. நம் காம்பிராவின் பின்பக்கத் தகரம் மறுபடியும் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன்.

உனக்குச் சீனி என்று படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உன் மேல் இல்லை, அந்த மெஷின் மேல். ஆனாலும் டொக்டர் சொல்வதைக் கேள். சண்டை போடாதே. தாகத்துக்கு ரணவரைப் பூ, அந்த ஆவாரம்பூவை அவித்துக் குடிக்கலாம். பெலிப் பூவும் நல்லது. கடையில் வாங்கி, இதோடு ஒரு சின்னப் பொட்டலம் வைக்க நினைத்தேன். தபால்காரர் பூ, இலை ஒன்றும் போகாது என்று சொல்லிவிட்டார்.

காலையில் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு பழக்க தோஷத்தில் இடது கையை நீட்டினேன். உள்ளங்கையில் சீனி வைக்க ஆள் இல்லை. பிறகு நானே டப்பாவைத் திறந்து அள்ளி வைத்துக்கொண்டேன். நீ வைத்தால் ஒரு கரண்டி. என் கைக்கு அளவு தெரியவில்லை. ஒரு மடக்குக்கு ஒரு நக்கு என்று போனால் கோப்பை முடிந்தும் கையில் மிச்சம் இருக்கிறது. அதையும் நக்கிவிட்டுத்தான் எழும்புகிறேன்.

பேச்சியம்மா ரொட்டி கொண்டு வந்து தருகிறாள். மழைக்குப் போட்ட பூட்ஸ் கடித்து, வலது கால் விரலில் ஒரு கொப்புளம். அது ஆறிவிடும்.

மகனோடு கோபிக்காதே. மாதா திருநாளுக்கு நீ வருவாய்.

உன்
இக்னேசியஸ்


டோஹா
2024 ஜூன் 17

இயேசு மரி சூசை துணை

றிச்சர்ட் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போடுங்கள். நான் சுகம் என்று எழுத மாட்டேன், பொய் எழுதிப் பழக்கமில்லை.

இந்த ஊரில் சீனி இல்லாமல் ஒரு மனுஷி குடிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். தேடித் தேடிச் சலித்துவிட்டேன். ஷிராணி வேலைக்குப் போன பிறகு குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, கீழே இருக்கும் கடைக்குப் போவேன். அங்கே நம் லயத்தைவிட நீளமான குளிர்பெட்டி. ஒவ்வொரு போத்தலாக எடுத்துப் பின்பக்கத்தைப் படிக்கிறேன். பள்ளிக்கூடம் இரண்டு வருஷம்தான் போனேன், ஆனால் சீனிக்கு ஆங்கிலத்தில் என்ன எழுத்து என்று இப்போது எனக்குத் தெரியும். முன்பக்கத்தில் பழம், பின்பக்கத்தில் சீனி. 'சீனி சேர்க்கவில்லை' என்று எழுதிய ஜூஸிலும் சீனி. கேட்டால் அது பழத்துடைய சொந்தச் சீனியாம். சொந்தமென்றால் இரத்தத்தில் ஏறாதோ?

சீனி இல்லாத சோடா என்று றிச்சர்ட் ஒன்று வாங்கி வந்தான். அதன் இனிப்பு தொண்டையில் இறங்காமல் நாக்கின் பின்னால் நின்றுகொண்டே இருக்கிறது, கடன்காரன் மாதிரி. ஷிராணி தண்ணீரில் வெள்ளரிக்காய் வெட்டிப் போட்டுத் தருகிறாள். பாத்திரம் அலம்பிய தண்ணீர் அதைவிட ருசியாக இருக்கும். முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லிவிட்டேன். அவள் கொழும்புப் பக்கத்துப் பிள்ளை, கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

அரபிக்காரர்களின் மோர் நன்றாக இருந்தது. பச்சை மிளகாயும் உப்பும் போட்டுக் குடித்தேன். பிரஷரும் இருக்கிறது, உப்பு வேண்டாம் என்று டொக்டர் அதையும் பிடுங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக்குப் போனால் தட்டு நிறைய ஜூஸ். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். குடித்தால் மகன் கோபித்துக்கொள்கிறான்.

கடைசியில் எனக்கு மிஞ்சியது நம் சாயத்தண்ணிதான். பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் கொண்டு வந்த தேயிலைத்தூள்தான், நீங்கள் கட்டித் தந்த பொட்டலம். காலையிலிருந்து ஆறு கோப்பை, ஏழு கோப்பை குடிக்கிறேன். பையில் கொண்டு வந்த கித்துள் கருப்பட்டியும் முடியப்போகிறது. அதன் பிறகு ஷிராணியின் சீனி டப்பாதான் துணை.

இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் நேற்றுக் குத்திப் பார்த்தால் சீனி ஒரு புள்ளியும் இறங்கவில்லை. மெஷின் பொய் சொல்கிறது என்ற உங்கள் கட்சியில் நானும் சேர்ந்துவிட்டேன்.

நாயகி


பொகவந்தலாவை
2024 ஜூலை 8

இயேசு மரி சூசை துணை

அன்பு நாயகிக்கு,

நான் சுகம். இங்கே காற்றும் மழையும். தண்ணீரைப் பேச்சியம்மா எடுத்துத் தருகிறாள், எனக்கு ஒரு வேலையும் இல்லை, சொகுசாக இருக்கிறேன்.

கடையில் அலையாதே, கால் வலிக்கும். மருமகளிடம் பாத்திரம் அலம்பிய கதையை நீ சொல்லியிருக்க வேண்டாம்.

பிரஷர் பார்க்கலாம் என்று நானும் நம் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். சும்மாதான் போனேன். அங்கேயும் அதே கேள்வி. "ஐயா தேத்தண்ணிக்குச் சீனி போடுறீங்களா?" என்று அங்கே துண்டு எழுதுகிற பிள்ளை கேட்டது. "இல்லம்மா, எங்க வீட்ல அந்தப் பழக்கமே இல்ல" என்றேன். "அப்ப நல்லது" என்று எழுதிக்கொண்டது. எங்கே போனாலும் மனுஷனிடம் கேட்க இவர்களுக்கு வேறு கேள்வி இல்லை.

ஒபிசில் தபால் தாமதமானால் பயப்படாதே.

இக்னேசியஸ்


டோஹா
2024 ஜூலை 27

இயேசு மரி சூசை துணை

றிச்சர்ட் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் அரைப் பக்கம். எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பேச்சியம்மா ஏன் தண்ணீர் எடுத்துத் தருகிறாள்? தண்ணீர்ப் பீலி நம் வாசலிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். கல்யாணம் முடிந்த மறுநாளே வாளியை என் கையில் கொடுக்க மாட்டேன் என்று நின்ற ஆள் நீங்கள். கொப்புளம் என்ன ஆனது? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மறைக்காமல் எழுதுங்கள்.

இங்கே மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள். காலையில் ஒன்று இருந்தது, இப்போது இரவிலும் ஒன்று. அடுத்த முறையும் இறங்காவிட்டால் ஊசியாம். டொக்டர் என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்ததும் மகனும் அதே பார்வை.

"அம்மா, மறைச்சு ஏதாச்சும் சாப்பிடுறீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"சோறக் குறைச்சேன். ஜூஸ விட்டேன். மோர விட்டேன். இன்னும் என்னத்தடா விடச் சொல்ற? மூச்சையா?"

"அப்ப எப்படிம்மா ஏறும்?"

"அத அந்த மெஷின்கிட்டப் போய்க் கேளு."

ஷிராணி வாற்கோதுமையை அவித்துத் தந்தாள். புதினா போட்டுத் தந்தாள். ஒரு சிவப்புப் பூவை ஊறவைத்துத் தந்தாள், அது புளிச்சக்கீரை கழுவிய தண்ணீர். அந்தப் பிள்ளையும் விடாமல்தான் பார்க்கிறாள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதைக் குடித்தாலும் நாக்கு சாயத்தண்ணிக்குத்தான் திரும்புகிறது. வெளியே நாற்பத்தைந்து டிகிரி. உள்ளே ஏசி. நடுவில் நான் ஒரு கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

செப்டெம்பருக்கு இன்னும் ஐந்து வாரம். உடனே பதில் எழுதுங்கள்.

நாயகி


டோஹா
2024 செப்டெம்பர் 9

இயேசு மரி சூசை துணை

நேற்று மாதா திருநாள். நான் இங்கே சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு எதிர் மாடியின் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துச் செபமாலை சொன்னேன்.

டிக்கெட்டை மாற்றிவிட்டான். விசாவையும் நீட்டிவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை, மூன்றாம் நாள் குழந்தை சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டாள்.

ஆறு வாரமாக உங்கள் கடிதம் இல்லை. றிச்சர்டை விட்டுப் பேச்சியம்மாவுக்குப் போன் எடுக்கச் சொன்னேன். "அண்ணன் நல்லா இருக்காரு, ரொம்ப நல்லா இருக்காரு, இப்பத்தான் கோயிலுக்குப் போனாரு" என்றாளாம். புதன்கிழமை மத்தியானம் எந்தக் கோயில் திறந்திருக்கிறது? பேச்சியம்மாவை எனக்கு அவள் வயசுக்கு வந்த நாளிலிருந்து தெரியும். பொய் சொன்னால் எதையும் இரண்டு தரம் சொல்வாள்.

சுகம் கேட்டு நான் இதை எழுதவில்லை. பதில் கேட்டு எழுதுகிறேன்.

மரியநாயகி


பொகவந்தலாவை
2024 செப்டெம்பர் 3

இயேசு மரி சூசை துணை

அன்பு நாயகிக்கு,

சுணங்கிவிட்டது, கோபிக்காதே. மழைக் காய்ச்சல். படுத்தபடி எழுதுகிறேன், அதனால்தான் எழுத்துக் கோணல். மற்றபடி சுகம். திருநாளுக்குக் கொடி ஏற்றிவிட்டார்கள், நீ இல்லாமல் மாலை கட்ட ஆள் தேடுகிறார்கள். மருந்தைத் தவறாமல் எடு. குழந்தைக்கு முத்தம்.

இக்னேசியஸ்


டோஹா
2024 செப்டெம்பர் 22

இயேசு மரி சூசை துணை

றிச்சர்ட் அப்பாவுக்கு,

உங்கள் மூன்றாம் தேதிக் கடிதம் முந்தாநாள்தான் வந்தது. உள்ளே பொகவந்தலாவை என்று எழுதியிருக்கிறீர்கள். உறையின் மேல் டிக்கோயா தபால் முத்திரை. டிக்கோயாவில் நமக்கு யார் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியைத் தவிர? அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உட்கார்ந்து படியுங்கள்.

நேற்று ஊசி ஆரம்பிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். டொக்டர் வரத் தாமதம். றிச்சர்ட் போனோடு வெளியே போய்விட்டான். அந்த இடத்தில் ஒரு மூலையில் சுடுதண்ணி மெஷினும், தேயிலைப் பையும், கடதாசிக் கோப்பையும், சின்னச் சின்னப் பொட்டலமாகச் சீனியும் வைத்திருக்கிறார்கள். யாரும் போட்டுக் குடிக்கலாம். நானும் ஒரு கோப்பை சாயம் போட்டேன். ஒரு பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மலையாளத்து நர்ஸ் ஒருத்தி, தமிழ் கொஞ்சம் பேசுவாள், என் முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"அம்மே, கையில எந்தா அது?"

"சீனி."

"சீனியா! சீனி போட மாட்டேன்னு எழுதியிருக்கே?"

"ஆமா, போட மாட்டேன். கோப்பையைப் பாரு. வெறும் சாயம்."

"அப்போ கையில இருக்கறது?"

"அது நக்குறதுக்கு. ஒரு மடக்கு, ஒரு நக்கு. தேத்தண்ணிக்குள்ள என்னைக்கும் போடுறதில்ல."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை அம்மே?" என்று கேட்டாள். சொன்னேன். என் கையைப் பிடித்து, அந்தச் சீனியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டியில் தட்டினாள். வந்து, "உள்ளே போட்டாலும், கையில வச்சாலும், போற வயிறு ஒண்ணுதானே?" என்றாள்.

டொக்டர் வந்து கேட்டுவிட்டு ஊசியை நிறுத்தி வைத்தார். கைச்சீனியை விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். றிச்சர்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். "நானும்தானேம்மா அப்படிக் குடிச்சு வளந்தேன். எனக்கும் தோணலையே" என்றான்.

நான் பொய் சொன்னேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னேன். அவர்கள் தேத்தண்ணியைக் கேட்டார்கள். கையைக் கேட்கவில்லை.

ஆனால் இரவு படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. உங்கள் ஜூலைக் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். டிஸ்பென்சரியில் உங்களிடமும் இதே கேள்வி. நீங்களும் இதே பதில். "அப்ப நல்லது" என்று அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டதாம். அதற்கு முந்திய கடிதத்தில் கைக்கு அளவு தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே கொப்புளமும் இருக்கிறது.

இன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போய்க் கையை நீட்டிக் காட்டுங்கள். இதில் இப்படி வைத்து நக்குவோம் என்று சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். கால் எப்படி இருக்கிறது? டிக்கோயாவில் என்ன செய்தார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் 'சுகம்' என்று ஒரு கடிதம் வந்தால், அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த பிளேனில் ஏறுவேன். விசாவும் வேண்டாம், மகனும் வேண்டாம்.

மரியநாயகி


பொகவந்தலாவை
2024 ஒக்டோபர் 11

இயேசு மரி சூசை துணை

என் நாயகிக்கு,

இந்த முறை சுகம் என்று எழுதவில்லை.

கொப்புளம் ஆறவில்லை. எனக்கு வலிக்கவும் இல்லை, அதனால் பெரிதாக எடுக்கவில்லை. ஓகஸ்ட் நடுவில் கால் வீங்கிக் கறுத்து, பேச்சியம்மா புருஷன்தான் ஓட்டோ பிடித்து டிக்கோயாவுக்குக் கொண்டு போனான். கட்டை விரலுக்குப் பக்கத்து விரலை எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்கள் தப்பின. எனக்கும் சீனி என்று அங்கேதான் சொன்னார்கள், தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை என்று அங்கேயும் சொல்லி வைத்தேன். கோணல் எழுத்துக் கடிதம் அங்கிருந்து எழுதியதுதான். பேச்சியம்மாவைத் திட்டாதே, சொல்ல வேண்டாம் என்று மாதா மேல் சத்தியம் வாங்கியது நான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ வந்துவிடுவாய். மருமகள் வேலையை விட வேண்டி வரும். குழந்தை பிறர் கையில் வளரும். நான் கண்ட கணக்கு அவ்வளவுதான்.

உன் கடிதம் கிடைத்த அன்றே டிஸ்பென்சரிக்குப் போனேன். கையை நீட்டிக் காட்டினேன். அந்தப் பிள்ளை என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தது. "ஐயா, எங்க அப்பாவும் இப்படித்தான் குடிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு, வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தது. "இங்க யாரெல்லாம் சீனியக் கையில வச்சு நக்குறீங்க?" என்று சத்தமாகக் கேட்டது. எனக்கே கேட்டது என்றால் பார். முதலில் ஒரு கிழவர் கையைத் தூக்கினார். அப்புறம் அந்த வாங்கு முழுக்கக் கை.

இப்போது எனக்கும் மாத்திரை. சீனி டப்பாவைப் பேச்சியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் நாயகி, வெறுங்கையோடு தேத்தண்ணி இறங்கவில்லை. நம் தூள் உனக்குத் தெரியுமே, சல்லடைக்கு அடியில் தங்குகிற தூசி. தனியாகக் குடித்தால் நாக்கைச் சுரண்டுகிறது. இரண்டு நாளாக ஊற்றி வைத்துப் பார்த்துவிட்டுக் கொட்டிவிடுகிறேன். வெந்நீர் குடிக்கிறேன். தேத்தண்ணி குடிக்காத நாள் எனக்கு நாளாகவே விடியவில்லை.

நீ வரும்போது நான் நொண்டுவேன். இப்போதே சொல்லிவிட்டேன், அங்கே வந்து கத்தாதே.

உன்
இக்னேசியஸ்


டோஹா
2024 ஒக்டோபர் 29

இயேசு மரி சூசை துணை

றிச்சர்ட் அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்தேன். கத்த வேண்டியதை வந்து கத்துகிறேன். எழுதினால் வீரியம் போய்விடும்.

மகனிடம் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தான். சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். வந்து, "எப்பம்மா போறீங்க?" என்று மட்டும் கேட்டான். ஷிராணி இரண்டு மாதம் லீவு எழுதிக் கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளையைப் பற்றி நான் முன்பு எழுதியதில் பாதியை அழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

என் சீனி பாதியாக இறங்கிவிட்டது. ஊசி இல்லை. டொக்டர் சிரித்து இன்றுதான் பார்த்தேன், பல் நன்றாக இருக்கிறது.

எப்படி இறங்கியது என்று சொல்ல வேண்டும். கைச்சீனியை விட்ட முதல் வாரம் எனக்கும் உங்கள் கதிதான். தூள் நாக்கைச் சுரண்டியது. மறுபடியும் அந்த நீளக் கடையில் ஏறி இறங்கினேன். எனக்குப் பிடிக்காத போத்தல்களை எல்லாம் தாண்டி, கடைசி வரிசையில் தேயிலை அடுக்கியிருந்தார்கள். ஒரு தகர டப்பாவில் சிலோன் மலைத் தேயிலை என்று போட்டு, கூடையோடு ஒருத்தி சிரித்துக்கொண்டு நிற்கிற படம். மலையில் அப்படிச் சிரித்துக்கொண்டு கொழுந்து எடுத்த யாரையும் நான் கண்டதில்லை. கோபத்தில்தான் வாங்கினேன்.

திறந்து பார்த்தால் தூள் இல்லை. முறுக்கிய இலை. நான் கிள்ளிய இலை, நீங்கள் ரோலரில் போட்ட இலை. கொதிநீரை ஊற்றி மூடி வைத்தேன். பொன் நிறத்தில் இறங்கியது. கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தேன். சுரண்டவில்லை. நாக்கு சீனி கேட்கவில்லை. மத்தியான வெயிலுக்கு அதையே ஆறவைத்து, ஐஸ்பெட்டியில் வைத்து, தேசிக்காய் பிழிந்து குடித்தேன். ஏப்ரலிலிருந்து தீராத தாகம் அன்றைக்குத் தீர்ந்தது. ஷிராணியும் அதைத்தான் இப்போது வேலைக்குப் போத்தலில் கொண்டு போகிறாள்.

தாகம் தீர்ந்த பிறகுதான் ஆத்திரம் வந்தது. இந்த இலையை நாமே எடுத்து, நாமே உலர்த்தி, நாமே பெட்டியில் அடைத்து அனுப்பினோம். நமக்குச் சல்லடைக்கு அடியில் கிடந்ததைத் தந்தார்கள். அது குடிக்க முடியாமல் கசந்தது. கசப்புக்குக் கையில் சீனி வைத்தோம். அந்தச் சீனி உங்கள் விரலைத் தின்றது. டொக்டர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பென்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். யார் மேல் தப்பு என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல எந்த டிஸ்பென்சரியிலும் ஒரு கேள்வி இல்லை.

நவம்பர் இருபத்தைந்தாம் தேதி ஹட்டனில் இறங்குவேன். அந்தக் காலோடு ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். பெட்டியில் ஆறு டப்பா தேயிலை வருகிறது. மகன் உடுப்புக்கு இடமில்லையே என்றான். உடுப்பு பொகவந்தலாவையில் கிடைக்கும், இது அங்கே கிடைக்காது என்றேன். ஒரு டப்பா பேச்சியம்மாவுக்கு, சத்தியத்தைக் காப்பாற்றியதற்கு. இன்னொன்று அந்த டிஸ்பென்சரிப் பிள்ளையின் அப்பாவுக்கு.

நான் வந்து முதல் கோப்பையை ஊற்றித் தரும்போது பழக்கத்தில் உங்கள் இடது கை நீளும். எனக்குத் தெரியும், நாற்பது வருஷமாக அதில் சீனி வைத்தவள் நான்தான். நீளட்டும், மடக்க வேண்டாம். மாத்திரையை வைக்கிறேன்.

நாயகி